அறிந்தே செய்யும் கொலை: பயங்கரவாதச் சட்டமும் பொது சுகாதாரக் குற்றமும்

2008 மே மாதத்தில் கர்நாடக–தமிழக எல்லையின் இருபுறமும் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. பெங்களூரின் கூலித் தொழிலாளர் குடியிருப்புகள், பெங்களூரு ஊரகப் பகுதி, கோலார், இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர் வட்டார எல்லைக் கிராமங்கள் என்று சில நாட்களுக்குள் 150க்கும் மேற்பட்டோர் விஷச்சாராயம் குடித்து இறந்தார்கள். முந்தைய ஆண்டு ஜூலையில் கர்நாடக அரசு சாராய விற்பனைக்குத் தடை போட்டிருந்தது. பாக்கெட் சாராயத்துக்குப் பழகியிருந்த உழைப்பாளிகளிடம் அதைவிட மலிவான சரக்கு கள்ளத்தனமாக வந்து சேர்ந்தது. அதில் மெத்தனால் கலந்திருந்தது.

அதே ஆண்டு நவம்பர் 26 அன்று மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. 166 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே நாடாளுமன்றம் தேசியப் புலனாய்வு முகமையை உருவாக்கியது. ‘உபா’ எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, பயங்கரவாதச் செயலுக்கான வரையறையை விரிவாக்கியது. மும்பைக்கு நாடு அப்படி எழுந்து நின்றது சரிதான். ஆனால் ஏறத்தாழ அதே அளவு உயிர்களைப் பலிகொண்ட மே மாதச் சாவுகளையொட்டி மத்தியில் ஒரு சட்டமும் வரவில்லை.

இரண்டு நிகழ்வுகளையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. துப்பாக்கியோடு ரயில் நிலையத்துக்குள் நுழைபவனும், லாபத்துக்காகச் சாராயத்தில் தொழிற்சாலை ரசாயனத்தைக் கலப்பவனும் வெவ்வேறு மனநிலையில் செயல்படுகிறவர்கள். சட்டம் அவர்களைப் பிரித்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. பிரித்த பிறகு இரண்டாமவனுக்கு என்ன எடை கொடுத்தது என்பதுதான் கேள்வி. பர்கூர் போன்ற ஓர் ஊரிலிருந்து பார்க்கும்போது அந்தக் கேள்விக்கு அவசரம் கூடுகிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. வடக்கே ஆந்திரம், மேற்கே கிருஷ்ணகிரியும் ஓசூரும் தாண்டினால் கர்நாடகம். சிப்காட் வளாகங்கள், ரசாயனம் ஏற்றிய டேங்கர் லாரிகள், மூன்று மாநிலங்களின் மூன்று விதமான மதுக் கொள்கைகள், மூன்று காவல்துறைகள். பொது சுகாதாரத்துக்கு எதிரான குற்றம் நடப்பதற்கு வேண்டியதெல்லாம் இந்த வட்டாரத்தில் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பயங்கரவாதத்துக்குச் சட்டம் கேட்கும் மூன்று அடையாளங்கள்

இந்தியச் சட்டத்தில் பயங்கரவாதச் செயல் என்பதற்கு இப்போது இரண்டு இடங்களில் வரையறை இருக்கிறது. ஒன்று, உபா சட்டத்தின் 15ஆம் பிரிவு. மற்றொன்று, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆம் பிரிவு. இரண்டும் பெரும்பாலும் ஒரே வாசகங்களால் ஆனவை. எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவது என்பதைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி முடிவு செய்ய வேண்டும்.

இந்த வரையறையைப் பிரித்துப் பார்த்தால் மூன்று அடையாளங்கள் தெரியும். முதலாவது, கருவி. வெடிகுண்டு, துப்பாக்கி, தீப்பற்றும் பொருள், நச்சு வாயு, ரசாயனம், உயிரியல் பொருள், கதிரியக்கப் பொருள் என்று பட்டியல் நீள்கிறது. இரண்டாவது, விளைவு. மரணம், காயம், சொத்துச் சேதம், சமூக வாழ்வுக்கு இன்றியமையாத பொருட்களும் சேவைகளும் தடைபடுவது ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது, நோக்கம். நாட்டின் ஒற்றுமை, பாதுகாப்பு, பொருளாதாரப் பாதுகாப்பு, இறையாண்மை ஆகியவற்றை அச்சுறுத்துவது அல்லது மக்களைப் பீதிக்குள்ளாக்குவது.

விஷச்சாராயத்தை இந்த மூன்றின் முன்னும் நிறுத்திப் பாருங்கள். மெத்தனால் ஆபத்தான ரசாயனம். முதல் அடையாளம் பொருந்துகிறது. கொத்துக் கொத்தாகச் சாவு, இரண்டாவதும் பொருந்துகிறது. மூன்றாவதில்தான் நிற்கிறது. சாராயம் விற்பவனுக்கு மக்களைப் பீதிக்குள்ளாக்கும் நோக்கம் இல்லை. சொல்லப்போனால் பீதி கிளம்பினால் அவன் வியாபாரமே படுத்துவிடும். நாளைக்கும் அதே ஆட்கள் வந்து வாங்க வேண்டும் என்பதுதான் அவன் கணக்கு.

ஆனால் 15ஆம் பிரிவும் 113ஆம் பிரிவும் நோக்கத்தோடு நிற்கவில்லை. பீதியை உண்டாக்கக்கூடிய செயல் என்றாலும் போதும் என்று ஒரு மாற்று வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. அந்த வழியாக எதையும் உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றும். நீதிமன்றங்கள் அதைத் தடுத்து வந்திருக்கின்றன. 1994இல் ஹிதேந்திர விஷ்ணு தாக்கூர் வழக்கில், சாதாரணக் குற்றத்தின் எல்லையைத் தாண்டிச் சமூகத்தை மிரட்டும் தன்மை கொண்ட வன்முறைக்கே அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா பொருந்தும் என்றும், குற்றவாளிகள் எல்லோரையும் பயங்கரவாதிகள் என்று கொள்ள முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்திருந்தது. 1999 மே 11 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நடந்தது பயங்கரமான கொலைதான் என்றாலும், அரசை மிரட்டுவதோ மக்களைப் பீதிக்குள்ளாக்குவதோ அந்தச் சதியின் நோக்கம் என்று நிறுவப்படவில்லை எனக் கூறித் தடா சட்டத்தின் பயங்கரவாதக் குற்றச்சாட்டுகளை ரத்து செய்தது. கொலைக் குற்றமும் சதிக் குற்றமும் நிலைத்தன. 19 பேர் விடுதலையானார்கள். நாட்டையே உலுக்கிய மனித வெடிகுண்டுக் கொலையிலேயே நோக்கம் என்ற அடையாளத்தைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது.

அந்த அடையாளம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தடாவுக்குப் பின் வந்த பொடா சட்டம் காட்டியது. 2002இல் வைகோ ஒரு மேடைப் பேச்சுக்காகப் பொடாவில் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். 2003 டிசம்பரில்தான், பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கம் இல்லாத வெறும் ஆதரவுப் பேச்சு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பர்கூருக்கு அண்டை வட்டமான ஊத்தங்கரையும் அந்தச் சட்டத்தைப் பார்த்திருக்கிறது. 2002 நவம்பரில் அங்கே நக்சல்பாரிகள் என்று பிடிக்கப்பட்டவர்கள் மீது பொடா பாய்ந்தது. பதினெட்டு வயது நிரம்பாத ஒரு சிறுவனும் அதில் சிக்கினான். 2004இல் பொடா நீக்கப்பட்டது. ஆனால் அதன் பல கூறுகள் அதே ஆண்டில் உபாவுக்குள் வந்து சேர்ந்தன. இன்று உபாவின்கீழ் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை சிறையில் வைக்கலாம். முதல் தோற்றத்தில் குற்றச்சாட்டு உண்மை என்று நீதிமன்றம் கருதினாலே ஜாமீன் கிடையாது. இத்தனை கடுமையான சட்டத்தின் எல்லைக்கோடு மங்கலாக இருக்கக் கூடாது.

உலக அளவிலும் அந்தக் கோடு இன்னும் முழுமையாக வரையப்படவில்லை. பன்னாட்டுப் பயங்கரவாதம் குறித்த விரிவான உடன்படிக்கைக்கு 1996இல் ஐ.நா.வில் வரைவு கொடுத்த நாடு இந்தியா. அதற்கான குழு அமைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் வரையறையில் உடன்பாடு எட்டப்படவில்லை. விமானக் கடத்தல், குண்டுவெடிப்பு, நிதியளிப்பு என்று தனித்தனிச் செயல்களுக்கு மட்டுமே உடன்படிக்கைகள் உண்டு.

ஆறு மாதமும் ஐயாயிரம் ரூபாயும்

இனி மற்றொரு பக்கம். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 14ஆம் அத்தியாயம் பொது சுகாதாரம், பாதுகாப்பு, வசதி, ஒழுக்கம் ஆகியவற்றைப் பாதிக்கும் குற்றங்களைப் பற்றியது. நோயைப் பரப்புவது, உணவில் கலப்படம், மருந்தில் கலப்படம், நீரைக் கெடுப்பது, காற்றைக் கெடுப்பது எல்லாம் அதில் பொதுத் தொல்லை என்ற பொதுத் தலைப்பின் நிழலில் நின்றன. புதிய சட்டத்தில் அதே அத்தியாயம் 15ஆம் அத்தியாயமாக வந்திருக்கிறது. எண்கள் மாறின, வாசகங்கள் அநேகமாக அப்படியே இருக்கின்றன.

உண்ணும் அல்லது குடிக்கும் பொருளைக் கலப்படத்தால் கேடாக்கி விற்றால் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. அபராத உச்சவரம்பு மட்டும் 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. மருந்துக் கலப்படத்துக்கு ஆறு மாதம் ஓராண்டாகியது. காற்றை உடலுக்குக் கேடாக்கினால் சிறையே கிடையாது. 1,000 ரூபாய் வரை அபராதம். நூற்றறுபது ஆண்டுகள் கழித்துச் சட்டத்தைப் புதிதாக எழுத வாய்ப்புக் கிடைத்தபோது, பயங்கரவாதமும் திட்டமிட்ட குற்றமும் முதன்முறையாகப் பொதுத் தண்டனைச் சட்டத்துக்குள் இடம்பிடித்தன. பொது சுகாதாரக் குற்றங்கள் பழைய எடையிலேயே விடப்பட்டன.

தனிச் சட்டங்கள் இதைவிடக் கடுமையானவை என்பது உண்மை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேர்ந்தால் ஏழாண்டு முதல் ஆயுள் வரை சிறையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. மருந்துகள் சட்டத்தில் 2008 திருத்தத்துக்குப் பிறகு, போலி அல்லது கலப்பட மருந்தால் உயிர் போனால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை. ஆனால் தண்டனை ஏட்டில் கனமாக இருப்பது ஒன்று, ஆலைக்குள் சோதனை நடப்பது வேறொன்று. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில் அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். இதே நச்சு 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் உயிர்களைப் பறித்திருக்கிறது. 2022இல் காம்பியாவில் குழந்தைகள் இறந்ததற்குப் பின்னும் இதே நச்சுதான் பேசப்பட்டது. மருந்தில் சேர்க்கும் கரைப்பானை வாங்கியதும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஒரு விதியைப் பின்பற்றினால் தடுக்கக்கூடிய சாவுகள் இவை.

தண்ணீர் விஷயத்தில் சட்டத்தின் ஓட்டை இன்னும் பெரிது. பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ வேண்டுமென்றே கெடுத்தால் குற்றம் என்கிறது பழைய 277ஆம் பிரிவு. புதிய சட்டத்தில் 279. ஓடும் ஆறு இந்தச் சொற்களுக்குள் அடங்காது என்று 1881இலேயே சென்னை உயர் நீதிமன்றம் பொருள்கொண்டது. 2023இல் எழுதிய சட்டமும் ஆற்றைச் சேர்க்கவில்லை. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பெங்களூரின் கழிவு ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் கலந்து இங்கே வந்து சேருகிறது. அணைநீர் கெட்டது கண்ணுக்குத் தெரியும். கெடுத்த கை அடுத்த மாநிலத்தில், ஓடும் ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கிறது. இதற்கென்று 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. ஆனால் ஜன் விஸ்வாஸ் சட்டத்தால், 2024 ஏப்ரல் முதல் சுற்றுச்சூழல் சட்ட மீறலுக்கு இருந்த சிறைத் தண்டனை நீங்கி, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாகிவிட்டது. ஒரு பக்கம் பயங்கரவாதத்தின் எல்லை விரிகிறது. மறுபக்கம் பொது சுகாதாரத்துக்குத் தீங்கு செய்பவன் மீதான பிடி தளர்கிறது.

1230 என்ற எண்

பர்கூர் வழியாகப் போகும் ரசாயன டேங்கர் லாரி ஒன்றின் பின்னால் நின்று பாருங்கள். ஆரஞ்சு நிறப் பலகை ஒன்று இருக்கும். மெத்தனால் ஏற்றிய வண்டியானால் அதில் 1230 என்று எழுதியிருக்கும், மெத்தனாலுக்கு ஐ.நா. கொடுத்திருக்கும் அடையாள எண் அது. பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் தீச்சுடர், அதோடு நச்சுக்குரிய மண்டையோடு. கசிந்தால் எந்த முறையில் அணைப்பது, யாரைக் கூப்பிடுவது என்ற விவரமும் இருக்கும். மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கிய பலகை இது. ஏற்றியவர், ஓட்டியவர், இறக்கியவர், பாதி வழியில் திருட்டுத்தனமாக வடித்து எடுத்தவர் என்று அந்த வண்டியைத் தொட்ட ஒவ்வொருவருக்கும் உள்ளே இருப்பது உயிரைப் பறிக்கும் சரக்கு என்பது எழுத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

சாதாரணச் சாராயத்தில் இருப்பது எத்தனால். மெத்தனாலும் அதைப் போலவே நிறமற்றது, ஏறக்குறைய அதே வாசனை. உடலுக்குள் போனபின்தான் வேறுபாடு தெரிகிறது. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது, இரத்தம் அமிலமாகிறது. 10 மில்லி அளவு கண்ணைக் கெடுக்கப் போதும். 30 மில்லி உயிரை எடுக்கக்கூடும். இதில் கொடுமை என்னவென்றால் அறிகுறிகள் உடனே வருவதில்லை. அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல் எல்லாம் தொடங்கும். குடித்தவர் வழக்கமான போதை என்று நினைத்துப் படுத்துவிடுகிறார். அதற்குள் அதே கேனிலிருந்து இன்னும் பலருக்கு விற்றாகிவிடுகிறது. முதல் சாவுச் செய்தி ஊருக்கு வரும்போது விற்றவன் தலைமறைவாகியிருப்பான்.

இந்தச் செயலுக்குப் பொருந்தும் இலக்கணம் தண்டனைச் சட்டத்திலேயே இருக்கிறது. கொலையை விளக்கும் பழைய 300ஆம் பிரிவின் நான்காம் கூறு, இப்போது 101ஆம் பிரிவில் உள்ளது. தான் செய்வது பெரும்பாலும் மரணத்தில்தான் முடியும் என்று அறிந்திருந்தும், அந்த ஆபத்தை உண்டாக்க எந்த நியாயமும் இல்லாமல் ஒருவன் செய்தால், யாரையும் குறிவைக்காவிட்டாலும் அது கொலை. சட்டமே இதற்குத் தரும் எடுத்துக்காட்டு, குண்டு நிரப்பிய பீரங்கியைக் கூட்டத்தின் மீது சுடுவது. சாகப்போகிறவர் யார் என்று சுட்டவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. மெத்தனால் கேனைச் சாராயத்தில் கலந்து ஓர் ஊருக்கு விற்பதும் அதே வகைச் செயல்.

ஆனால் நடைமுறையில் இந்தக் கதவு அரிதாகவே திறக்கிறது. 1982 ஓணத்தன்று கேரளத்தின் வைப்பீன் தீவில் அரசு உரிமம் பெற்ற கடைகளில் விற்ற சாராயத்தைக் குடித்து 70 பேர் இறந்தார்கள், 24 பேர் கண் இழந்தார்கள். அந்த வழக்கு நச்சுப் பொருளால் கொடுங்காயம் விளைவித்தல், கலப்படம், சதி ஆகிய பிரிவுகளில்தான் நடந்தது. முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை என்று உச்ச நீதிமன்றம் உயர்த்தியது 1995இல், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து.

போபால் இதைவிடக் கசப்பான பாடம். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் கசிந்த மீதைல் ஐசோசயனேட் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்தல் என்ற குற்றச்சாட்டை 1996இல் உச்ச நீதிமன்றம் கவனக்குறைவால் மரணம் என்ற பிரிவாகக் குறைத்தது. 2010 ஜூன் 7 அன்று விசாரணை நீதிமன்றம் தர முடிந்தது இரண்டாண்டுச் சிறை மட்டுமே. அலட்சியத்துக்கும் அறிந்தே செய்வதற்கும் இடையே சட்டம் கோடு போட்டிருக்கிறது. ஆலைகள், கிடங்குகள், நிறுவனங்கள் என்று வரும்போது அந்தக் கோட்டின் லேசான பக்கத்துக்கே வழக்குகள் சரிந்து விழுகின்றன.

இரண்டும் சந்திக்கும் இடம்

நோயையும் நஞ்சையும் ஆயுதமாக்கிய உண்மையான பயங்கரவாதமும் இருந்திருக்கிறது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்கியோ அமைப்பு சாரின் வாயுவைப் பரப்பியது. அரசையும் மக்களையும் குறிவைத்த செயல். கருவியும் விளைவும் நோக்கமும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன.

இந்தியாவோடு தொடர்புடைய இன்னொரு நிகழ்வு சிந்திக்க வைப்பது. 1984இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ரஜனீஷ் ஆசிரமத்தைச் சேர்ந்த சிலர், தி டால்ஸ் என்ற சிற்றூரின் உணவகங்களில் சாலட் தட்டுகளில் சால்மொனெல்லா கிருமியைக் கலந்தார்கள். உள்ளூர்த் தேர்தலன்று வாக்காளர்களைப் படுக்கையில் தள்ளுவது திட்டம். 751 பேர் நோயுற்றார்கள், யாரும் இறக்கவில்லை. அரசியல் நோக்கம் தெளிவாக இருந்தும், ஆசிரமத்தின் முக்கியப் புள்ளியான மா ஆனந்த் ஷீலா மீது வந்தவை நுகர்பொருளில் கலப்படம் செய்தல், தாக்குதல் போன்ற குற்றச்சாட்டுகள். பயங்கரவாதம் என்ற பெயர் இல்லாமலே குற்றத் தீர்ப்பும் தண்டனையும் கிடைத்தன.

இதற்கு எதிர்த்திசையில் நடந்தது 2020. கொரோனா தொடங்கியதும், கிருமியை வேண்டுமென்றே பரப்புபவர்கள் மீது பயங்கரவாதம் தொடர்பான சட்டங்களைப் பாய்ச்சலாம் என்று மார்ச் மாதத்திலேயே அமெரிக்க நீதித்துறை தன் வழக்கறிஞர்களுக்கு எழுதியது. இந்தியாவில் தப்லீக் ஜமாத் மாநாட்டுக்கு வந்தவர்கள் மீது அந்த முத்திரையைத் தொலைக்காட்சிகளே குத்திவிட்டன. பின்னர் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு அப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகச் சொன்னது. மதுரை அமர்வும் இங்கே சிக்கியிருந்த வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளை முடித்துவைத்தது. தமிழ்நாட்டில் ஊரடங்கை மீறியதாகப் போடப்பட்ட வழக்குகள் ஏறத்தாழ 10 லட்சம். 2021 பிப்ரவரியில் அரசே அவற்றைத் திரும்பப் பெற்றது. தொற்றைப் பரப்பும் அலட்சியத்துக்கான சட்டப்பிரிவு, அரிசி வாங்க வெளியே வந்தவர்மீதும் பாய முடியும் என்று அப்போது தெரிந்தது. பயம் பரவும் காலத்தில் எழும் கோபத்துக்கு ஆள் தேவைப்படுகிறது. கடுமையான சட்டம் கையில் இருந்தால், எளிதில் அகப்படுகிறவர்களே அந்த ஆளாகிறார்கள்.

ஆகவே விஷச்சாராய வியாபாரியையும் கலப்பட மருந்து ஆலையையும் பயங்கரவாதச் சட்டத்துக்குள் தள்ளுவது தீர்வாகாது. நோக்கம் என்ற அடையாளத்தை நீர்த்துப்போகச் செய்தால் அது சாராய வியாபாரியோடு நிற்காது. ஆலைக் கழிவுக்கு எதிராகச் சாலையில் உட்காருகிறவரையும் ஒருநாள் தொடும்.

மூன்றாவது வழியும் அதன் குறையும்

தமிழ்நாடு இதற்கு ஒரு குறுக்குவழி கண்டது. 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம், பேச்சு வழக்கில் குண்டர் சட்டம். அதன் முழுப்பெயரில் முதலில் நிற்பவர்களே கள்ளச்சாராயக்காரர்கள்தான். உயிருக்கோ பொது சுகாதாரத்துக்கோ கடுமையான அல்லது பரவலான ஆபத்தை உண்டாக்கினால் பொது ஒழுங்கு கெட்டதாகவே கொள்ளப்படும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பொது சுகாதாரக் கேட்டை வெறும் தொல்லையாகப் பார்க்காமல் பெரும் அபாயமாகவே பார்த்த சட்டம் அது. ஆனால் கருவி தவறானது. ஓராண்டு வரை விசாரணையில்லாத காவல். நடைமுறைப் பிழை ஒன்று இருந்தால் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிடும். வெளியே வந்தவர் பழைய தொழிலுக்கே திரும்பலாம். குற்றம் நிரூபணமாவதுமில்லை, இறந்தவர் குடும்பத்துக்கு உண்மை தெரிவதுமில்லை.

மதுவிலக்குச் சட்டத்தின் வேர் இந்த மண்ணிலேயே இருக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானபோது, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் தொடங்கிய இடம் சேலம் மாவட்டம். இன்றைய கிருஷ்ணகிரியும் பர்கூரும் ஓசூரும் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. 1937ஆம் ஆண்டின் அந்தச் சட்டமே திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. அப்படியிருந்தும் 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர்; 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் விஷச்சாராயத்துக்குப் பலியானார்கள். கருணாபுரத்துக்குப் பின் சில நாட்களிலேயே சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால் ஆயுள் சிறையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் என்று ஆக்கியது. தண்டனை கூடியது நல்லது. ஆனால் மெத்தனால் எந்த ஆலையிலிருந்து, யார் உரிமத்தில், எந்த வண்டியில் வெளியேறியது என்று கேட்கும் சட்டம் இன்னும் வலுப்பெறவில்லை. எப்போதும் கைதாவது கடைசியில் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தவர்தான்.

செய்ய வேண்டியவை

இத்தகைய குற்றங்களைப் பயங்கரவாதம் என்று அறிவிக்கக் கோருகிறவர்கள் உண்மையில் கேட்பது மூன்று. குற்றத்துக்கேற்ற எடை, மாநில எல்லையில் நின்றுவிடாத விசாரணை, நாட்டின் கவனம். மூன்றையும் அந்தப் பெயர் இல்லாமலே கொடுக்க முடியும்.

முதலாவதாக, தண்டனைச் சட்டத்தின் 15ஆம் அத்தியாயத்தில் பொது சுகாதாரக் குற்றத்துக்குப் படிநிலை வேண்டும். கவனக்குறைவு ஒரு படி. ஆபத்து தெரிந்தும் கட்டாயச் சோதனையைத் தவிர்ப்பது அடுத்த படி. நச்சு என்று அறிந்தே மக்களின் வாய்க்குள் போக வைப்பது மேல்படி. மேல்படியில் மரணம் நேர்ந்தால், பீரங்கி எடுத்துக்காட்டை உடைய அந்தக் கொலைப் பிரிவே பொருந்தும் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஓடும் ஆற்றையும் நீர் பற்றிய பிரிவில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவதாக, கண்காணிப்பு. மெத்தனாலையும் மருந்துக் கரைப்பான்களையும் உற்பத்தி செய்யும் இடம் முதல் கடைசியாகப் பயன்படுத்தும் இடம் வரை ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு வைக்க வேண்டும். மெத்தனாலுக்கான விதிகள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. டேங்கர் புறப்பட்ட அளவும் இறங்கிய அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் அன்றைக்கே மணி அடிக்கும் ஏற்பாடு இன்றைய தொழில்நுட்பத்துக்குப் பெரிய வேலை இல்லை. 1230 என்ற எண்ணை வண்டியில் எழுதத் தெரிந்த அரசுக்கு அதன் பயணத்தைப் பின்தொடரவும் முடியும்.

மூன்றாவதாக, எல்லை. செயல் ஓர் ஊரிலும் விளைவு இன்னோர் ஊரிலும் நடந்தால் இரண்டில் எங்கும் விசாரிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. புலனாய்வுதான் தேங்குகிறது. சிபிஐக்கு அளித்திருந்த பொது ஒப்புதலைத் தமிழ்நாடு 2023இலும் கர்நாடகம் 2024இலும் விலக்கிக்கொண்டன. அதற்கான அரசியல் காரணங்கள் வேறு. ஆனால் விளைவாக, கள்ளக்குறிச்சி வழக்கு சிபிஐக்குப் போக உயர் நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. கிருஷ்ணகிரி, சித்தூர், கோலார், பெங்களூரு ஆகிய எல்லை மாவட்டங்களின் காவல், மதுவிலக்கு, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் ஒன்றாக இயங்கும் நிலையான குழு இருந்தால், ஒரு மாநிலத்தில் முதல் மரணம் பதிவானதும் மற்ற மாநிலத்தின் கடைகள் அன்றிரவே மூடப்படும். மெத்தனால் நஞ்சுக்கு முறிவு மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. சில மணி நேரம் முன்னதாகத் தகவல் போனால் கண்களும் உயிர்களும் தப்பும்.

நான்காவதாக, பொறுப்பு. ஆலையைச் சோதிக்கக் கடமைப்பட்ட அலுவலர் சோதிக்காமலே கையெழுத்துப் போட்டால் அது துறைசார்ந்த தவறு என்று இடமாற்றத்தோடு முடியக் கூடாது. தெரிந்தே தவிர்த்த சோதனைக்கு அவரும் அதே படிநிலையில் பதில் சொல்ல வேண்டும். இறந்தவர் குடும்பங்களுக்கான இழப்பீடு அரசின் கருணையாக இல்லாமல், சம்பாதித்த நிறுவனத்திடமிருந்து வசூலிக்கும் உரிமையாக வேண்டும். ஆபத்தான தொழில் நடத்துகிறவர் எந்தச் சாக்கும் சொல்லாமல் முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1986இலேயே ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் வகுத்துத் தந்திருக்கிறது.

விஷச்சாராயத்தில் இறப்பவர்கள் பெரும்பாலும் கல் உடைப்பவர்கள், சுமை தூக்குபவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். இருமல் மருந்தில் இறந்தவை ஐந்து வயதைத் தாண்டாத பிஞ்சுகள். நுரை பொங்கும் ஆற்றின் நீரைப் பாய்ச்சுகிறவர்கள் சிறு விவசாயிகள். இவர்களைக் கொல்கிறவனுக்குக் கொல்லும் நோக்கம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர்கள் சாவார்கள் என்று தெரிந்தும், செத்தாலும் பரவாயில்லை என்று துணிந்திருக்கிறான். அந்தத் துணிச்சலைத் தனிக் குற்றமாக அடையாளம் கண்டு, கொலைக்குரிய எடையோடு, திறந்த நீதிமன்றத்தில், முறையான சாட்சியத்தோடு தண்டிக்கும் சட்டம் வேண்டும். அது வரும்வரை 2008 மே மாதமும் 2024 ஜூன் மாதமும் வேறு வேறு ஊர்ப்பெயர்களில் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கும்.